மைதானம் அருகில்தான், இருக்கைதான் தொலைவு

2022 மே மாதம் உடற்கல்வி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது, கைக்கு வந்த பணத்தில் ஒரு சிறு பகுதியை உலகக் கோப்பைக் கால்பந்துக்கென்று ஒதுக்கிவிடுவது என முடிவு செய்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, வெயிலில் கோட்டுக்கு வெளியே நின்றே பழகியவனுக்கு ஒரு முறையேனும் பார்வையாளனாக உட்கார வேண்டும் என்ற ஆசை இருந்தது. போட்டி கத்தாரில் நடந்ததும், என் அக்கா மகன் தோஹாவின் மன்சூரா பகுதியில் குடும்பத்தோடு வாடகை வீட்டில் இருந்ததும்தான் அந்த ஆசைக்கு வழிவிட்டன.

அந்த ஆண்டு எட்டு மைதானங்களும் தோஹாவிலும் அதைச் சுற்றியுமே அமைந்திருந்தன. வடகோடியில் அல் கோரில் இருந்த அல் பைத் மைதானத்துக்கும் தெற்கே அல் வக்ராவில் இருந்த அல் ஜனூபுக்கும் இடையே இருந்த தூரம் 75 கிலோமீட்டர். மதுரையிலிருந்து புறப்பட்டால் திண்டுக்கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளின் 16 நகரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்ட 2026 போட்டியோடு ஒப்பிட்டால், இது ஒரே ஊருக்குள் நடந்த திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஏமாந்ததும் இந்தச் சிறிய தூரத்தில்தான்.

முதலில் டிக்கெட். குலுக்கல் முறையில் விற்ற கட்டங்களையெல்லாம் தவறவிட்டுவிட்டு, செப்டம்பர் 27-ஆம் தேதி தொடங்கிய கடைசிக் கட்ட விற்பனையில்தான் நான் நுழைந்தேன். முந்துபவர்களுக்கு உடனே டிக்கெட் என்பதால், வீட்டில் மனைவியின் கைபேசியையும் சேர்த்து இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு விடியற்காலையில் உட்காருவது வழக்கமாயிற்று. குழுநிலை ஆட்டங்களுக்கு மூன்றாம் வகை இருக்கையின் விலை 250 ரியால், அன்றைய மதிப்பில் சுமார் 5,600 ரூபாய். 40 ரியாலுக்கு விற்ற நான்காம் வகை கத்தாரில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. நம்மைப் போன்றவர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாமே தவிர வாங்க முடியாது. முதல் மூன்று நாள்களும் டிக்கெட் கூடைக்குள் வந்தும் பணம் செலுத்தும் இடத்தில் கைநழுவிப் போனது. வெளிநாட்டினர் விசா அட்டையால் மட்டுமே பணம் செலுத்த முடியும் என்பதைக் கவனிக்காமல் ஓய்வூதியக் கணக்கின் ரூபே அட்டையைக் கொடுத்தது முதல் தவறு. மகனின் விசா அட்டையை வாங்கிய பிறகும், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான அனுமதியை வங்கியின் செயலியில் திறக்காமல் விட்டது இரண்டாவது தவறு. இரண்டும் சரியான நாளில் நான்கு ஆட்டங்கள் கிடைத்தன: நவம்பர் 27-ஆம் தேதி கலீஃபா மைதானத்தில் குரோவேஷியா - கனடா, 28 அன்று அல் ஜனூபில் கேமரூன் - செர்பியா, 29 அன்று அல் பைத்தில் நெதர்லாந்து - கத்தார், 30 அன்று லுசைலில் சவூதி அரேபியா - மெக்சிகோ.

அடுத்தது ஹய்யா அட்டை. பெயர்தான் அட்டை, உண்மையில் அது கைபேசியில் இருக்கும் அனுமதி. அந்தப் போட்டிக்கு அதுவே விசா, அதுவே மைதானத்துக்குள் நுழையும் சான்று, அதுவே மெட்ரோவிலும் பேருந்திலும் இலவசப் பயணச்சீட்டு. விண்ணப்பத்தில் தங்குமிடத்தைக் காட்டியாக வேண்டியிருந்தது. விடுதியில் தங்காமல் உறவினர் வீட்டில் தங்குபவர்களுக்கு, அங்கே குடியிருப்பவர் தன் வீட்டைப் பதிவு செய்து, விருந்தினர்களின் கடவுச்சீட்டு எண்களை அதில் சேர்க்க வேண்டியிருந்தது; ஒரு வீட்டில் பத்துப் பேர் வரை சேர்க்க இடமிருந்தது. அக்கா மகன் அதை ஒரு மாலையில் முடித்துவிட்டான். என் பக்கத்தில்தான் ஒரு சிக்கல். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் தகப்பனார் பெயர் முழுமையாக இருக்க, டிக்கெட் கணக்கில் நான் வழக்கம்போல் தலைப்பெழுத்தை மட்டும் போட்டிருந்தேன். தலைப்பெழுத்தோடு வாழ்கிற நம்மவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் ஒரு முறை நின்று பார்த்துக்கொள்வது நல்லது. விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே கண்ணில் பட்டதால் திருத்திக்கொண்டேன்.

மதுரையிலிருந்து தோஹாவுக்கு நேரடி விமானம் இல்லை. அமிர்தா எக்ஸ்பிரஸில் ஆலுவா சென்று இறங்கி, நெடும்பாசேரியில் விமானம் ஏறினேன். விமானக் கட்டணம் நான்கு டிக்கெட்டுகளின் விலையையும் விட அதிகம் என்பதைத் தவிர அந்தப் பயணத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இனி மைதானங்கள். தோஹா மெட்ரோவில் ரெட், கிரீன், கோல்டு என்று மூன்று தடங்கள். மூன்றும் முஷைரிப் நிலையத்தில் சந்திக்கின்றன. இது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கலீஃபா மைதானத்துக்குக் கோல்டு லைனில் ஸ்போர்ட் சிட்டி நிலையத்தில் இறங்கினால் போதும், பேருந்து தேவையில்லை. எட்டில் இதுவே மூத்த மைதானம். 1976-இல் கட்டப்பட்டு, 2017-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. மன்சூராவிலிருந்து முஷைரிப் சென்று மாறி, அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று கைபேசி காட்டியது. ஆட்டம் இரவு 7 மணிக்கு. கிளம்பச் சொல்லி அக்கா மகன் நான்கு மணியிலிருந்தே நச்சரித்தும், நான் 5.45-க்குத்தான் செருப்பை மாட்டினேன்.

ரயிலில் ஒரு நிமிடமும் வீணாகவில்லை. 6.25-க்கு நிலையத்தின் வாசலில் நின்றேன், மைதானத்தின் வளைவும் விளக்கும் கண்ணெதிரே தெரிந்தன. அதன் பிறகுதான் வழி நீண்டது. கூட்டம் ஒரே இடத்தில் முட்டாதபடி தடுப்புகள் வைத்து வளைத்து வளைத்து நடக்க விடுகிறார்கள். அதைக் கடந்தால் உடலையும் பையையும் சோதிக்கும் வரிசை. அங்கேதான் என் பையிலிருந்த தண்ணீர்ப் புட்டியும், வீட்டில் கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலமும் உள்ளே போகக் கூடாதென்று தெரிந்தது. சோற்றைக் குப்பையில் போட மனம் வராமல், வரிசையை விட்டு ஓரமாக நின்று சாப்பிட்டுவிட்டு மீண்டும் வரிசையின் வாலில் போய் நின்றேன். அதைத் தாண்டினால் டிக்கெட்டில் உள்ள வாயிலைத் தேட வேண்டும். நான் இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். வலப்பக்கம் திரும்பி, மைதானத்தை ஏறக்குறைய முழுமையாகச் சுற்றி வந்தேன். படிக்கட்டில் மூச்சு வாங்க நின்றபோது மேலே ஒரு பேரிரைச்சல் கேட்டது. ஆட்டத்தின் இரண்டாவது நிமிடத்திலேயே அல்போன்சோ டேவிஸ் தலையால் முட்டிப் போட்ட கோல் அது. ஆண்கள் உலகக் கோப்பை வரலாற்றில் கனடாவின் முதல் கோல். இத்தனை ஆயிரம் மைல் பறந்துவந்து அதை நான் காதால் மட்டுமே கேட்டேன். பிறகு குரோவேஷியா போட்ட நான்கு கோல்களையும் பார்த்தேன் என்பது உண்மைதான், ஆனாலும் அது ஆறுதலாகவில்லை.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். கதவுகள் மூன்று மணி நேரம் முன்பே திறக்கப்படுகின்றன. எனவே வரைபடம் காட்டும் நேரம் நிலையத்தின் வாசல் வரைக்குமானது. அதற்குப் பிறகு இருக்கைக்கென்று தனியாக ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும், பேருந்து ஏற வேண்டிய மைதானமென்றால் இன்னொரு மணி நேரம். டிக்கெட்டில் வாயில், பகுதி, வரிசை, இருக்கை என்ற நான்கையும் வீட்டிலேயே ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கைபேசியைப் பிள்ளைகள் நம்பலாம். என் கண்ணுக்குக் காகிதம்தான் சரிப்படுகிறது.

மறுநாள் அல் ஜனூப். ரெட் லைன் தெற்கே இரண்டாகப் பிரிந்து, ஒன்று அல் வக்ராவுக்கும் மற்றொன்று விமான நிலையத்துக்கும் செல்வதால், வண்டியின் முகப்பில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் ஏற வேண்டும். வக்ராவில் இறங்கி, இலவசப் பேருந்தில் ஏறினால், அது இறக்கிவிடும் இடத்திலிருந்தும் நடை உண்டு. கட்டடக் கலைஞர் ஜஹா ஹதீதின் நிறுவனம் வடிவமைத்த மைதானம் இது. பாய்மரப் படகை மனத்தில் வைத்துச் செய்தது என்பார்கள். பகல் ஒரு மணி ஆட்டம் என்பதால் தொப்பியும் துண்டுமாகச் சென்றிருந்தேன். ஆனால் இருக்கைக்குக் கீழிருந்து குளிர்காற்று வந்துகொண்டே இருந்தது. அவனியாபுரத்து வெயிலில் வளர்ந்தவன் நண்பகலில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆட்டம் பார்த்தேன். எட்டு மைதானங்களில் 974 மைதானத்தைத் தவிர மற்ற ஏழிலும் இந்தக் குளிரூட்டல் உண்டு.

என் பகுதிக்குச் செல்லும் வாயிலைக் காட்டியவர் பாதுகாப்புப் பணியில் இருந்த ஓர் இளைஞர். நான் காகிதத்தை எடுத்துத் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "எந்த ஊருங்கய்யா?" என்றார். அவருக்கு மேலூர்ப் பக்கம். மைதானத்துக்குள் அவர்களுடைய வேலை கூட்டத்தைப் பார்ப்பது. ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியபடிதான் நிற்க வேண்டும். செர்பியா 3-1 என்று முன்னிலையில் இருந்தபோது கேமரூனின் அபூபக்கர் பந்தைக் கோல் காவலரின் தலைக்கு மேல் மெதுவாகத் தூக்கிவிட்டு ஒரு கோலும், அடுத்த மூன்றாவது நிமிடத்தில் சூப்போ மோட்டிங் இன்னொரு கோலும் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார்கள். என் வாழ்நாளில் நேரில் பார்த்த சிறந்த ஆட்டம் அது. அந்த இளைஞர் திரும்பாமலேயே, உதடு மட்டும் அசைய, "இப்ப எத்தனைங்கய்யா?" என்று கேட்டார். நான் இரண்டு கைகளிலும் மும்மூன்று விரல்களைக் காட்டினேன்.

அல் பைத் தான் உண்மையில் தொலைவு. அதற்கு மெட்ரோ கிடையாது. ரெட் லைனின் வடக்கு எல்லையான லுசைல் நிலையம் வரை சென்று, அங்கிருந்து பேருந்து. ஆறு மணி ஆட்டத்துக்கு இரண்டு மணிக்கே கிளம்பினேன். வெட்டவெளியில் கறுப்பும் வெள்ளையுமாக நிற்கும் அந்தப் பெரிய கூடாரத்தை நோக்கி நடந்து சென்றதே ஓர் அனுபவம். பாலைவன மக்களின் கம்பளிக் கூடாரத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். இருக்கையில் உட்கார்ந்தபோது ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் மீதம் இருந்தது. வீரர்கள் உடலைச் சூடாக்கிக்கொள்வதை முழுமையாகப் பார்த்தேன். பயிற்சியாளனாக இருந்தவனுக்கு ஆட்டத்தை விட அதுதான் பாடம். கத்தார் 0-2 என்று தோற்று, குழுநிலையின் மூன்று ஆட்டங்களிலும் தோற்ற முதல் நடத்தும் நாடு ஆனது. திரும்பும் பேருந்தில் உள்ளூர்க்காரர்கள் யாரும் பேசவில்லை.

லுசைலுக்குப் போவது எளிது, வெளியே வருவதுதான் கடினம். எட்டில் இதுவே பெரியது. அன்றிரவு 80,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். நள்ளிரவில் ஆட்டம் முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நிலையத்தை நோக்கித் திரும்பினால், மூன்று பெட்டி ரயில்கள் எத்தனை வந்தாலும் போதாது. பெரிய பஞ்சுக் கைகளை ஆட்டி வழிகாட்டும் தன்னார்வலர்கள் நம்மை நிலையத்துக்கு எதிர்த்திசையில் நடத்திச் சென்று, பிறகு திருப்பி, மீண்டும் திருப்பி அனுப்புவார்கள். எரிச்சல் வரும், ஆனால் நெரிசல் வராது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையத்தில் நின்றவர்களுக்கு இந்தச் சுற்றுவழியின் அருமை தெரியும். மெட்ரோ அதிகாலை மூன்று மணி வரை ஓடியதால் அவசரப்படத் தேவையே இல்லை. நான் முக்கால் மணி நேரம் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன். கோல் கணக்கின் வித்தியாசத்தால் அடுத்த சுற்றை இழந்த மெக்சிகோ ரசிகர்களும் என்னைச் சுற்றி எழ மனமின்றி உட்கார்ந்திருந்தார்கள். நடைமேடைக்கு வர அப்போதும் ஒரு மணி நேரம் ஆயிற்று. அறுபது வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு நாளில் இரண்டு ஆட்டங்கள் பார்க்க விதி இடம் கொடுக்கலாம், முழங்கால் கொடுக்காது.

மற்ற நான்கையும் நான் உள்ளே சென்று பார்க்கவில்லை. எஜுகேஷன் சிட்டிக்கும் அகமது பின் அலிக்கும் கிரீன் லைன், 974 மைதானத்துக்குக் கோல்டு லைனின் ராஸ் பு அபூத் நிலையம், அல் துமாமாவுக்கு ரெட் லைனும் பேருந்தும். கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய 974 மைதானத்தை மட்டும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன்.

அதே மைதானங்களில் பெரும்பாலானவற்றில் 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பை நடந்தது. 23-ஆம் தேதி அல் பைத்தில் இந்தியாவுக்கும் சிரியாவுக்கும் ஆட்டம், அங்கே பிற்பகல் இரண்டரை மணிக்கு, நமக்கு மாலை ஐந்து. அக்கா மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு ஏழு வயதுப் பையனோடு போகப் போவதாகச் சொன்னபோது, என் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பி, பத்து மணிக்கே வீட்டைப் பூட்டச் சொன்னேன். அன்று மதுரையில் நான்கு மணிக்குக் கைபேசி அடித்தது. "மாமா, உக்காந்துட்டோம். இன்னும் பாதி இருக்கை காலியா இருக்கு, பையன் போரடிக்குதுங்குறான்" என்றான். 76-வது நிமிடத்தில் சிரியா போட்ட அந்த ஒரே கோல் உட்பட, ஒன்றையும் தவறவிடாமல் பார்த்துவிட்டு வந்தார்கள்.