தேதி தவறாத சோர்வு

7ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துவைத்த வரியைக் கட்ட வேண்டும். ஜிஎஸ்டி கணக்கில், 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் மாதச் சுருக்கமான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டும். நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் எனக்கு, மாதம் என்பது இந்த மூன்று தேதிகள்தான். சென்ற ஆண்டு இவற்றில் ஒன்றுகூடத் தவறவில்லை. மார்த்தாண்டத்துத் தேன் வியாபாரியோ குலசேகரத்து ரப்பர் ஷீட் வியாபாரியோ என்னிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஆண்டில்தான் நான் உள்ளுக்குள் முழுவதுமாக வற்றிப்போயிருந்தேன்.

வெளியே தெரியாததற்குக் காரணம் அந்தத் தேதிகளே. கெடு நெருங்கினால் கை தானாக ஓடும். கொள்முதல் பதிவேட்டை, சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலுடன் ஒப்பிடும்போது ஒரு பில் விடுபட்டிருந்தால், முன்பெல்லாம் உடனே கடைக்காரரை அழைத்து விசாரிப்பேன். பின்னர் அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் பூசிவிட்டு அடுத்த வரிக்குப் போகத் தொடங்கினேன். வாடிக்கையாளர் அழைத்தால் "சொல்லுங்க அண்ணாச்சி" என்று கலகலப்பாகப் பேசிய நான், அம்மாவின் அழைப்பை அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். "சாளை வாங்கவா, அயிலை வாங்கவா?" என்று மனைவி கேட்டால், அதற்குப் பதில் சொல்வதுகூட மலைப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தூங்கினாலும் அலுப்புத் தீரவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோயாக அன்றி, முறையாகக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவாக, ஐசிடி-11 என்ற தன் பன்னாட்டு நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் விவரித்தது. ஆற்றல் வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மீது கசப்பு, பணித்திறன் குறைதல் என மூன்று கூறுகளை அது சொல்கிறது. மூன்றாவதுதான் என்னைக் குழப்பியது. வேலை ஒழுங்காக நடக்கிறதே, பிறகு எனக்கென்ன என்று தள்ளிப்போட்டேன். ஆனால் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து 1981இல் வெளியிட்ட பணிச்சோர்வு அளவுகோலிலேயே மூன்று கூறுகளுக்கும் மதிப்பெண் தனித்தனிதான். ஒன்று சரியாக இருப்பதால் மற்ற இரண்டும் சரியாகிவிடுவதில்லை.

எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், பாலுக்காகப் பட்டையை அளவுக்கு மீறி வெட்டினால், இலை பசுமையாக இருக்கும்போதே சில மரங்களில் பால் நின்றுவிடும். வெட்டை நிறுத்தி அவற்றுக்கு ஓய்வு கொடுப்பார்கள். மரம் என்னைவிட நேர்மையானது என்றே சொல்ல வேண்டும்.

தைராய்டும் இரத்தசோகையும் இதே அலுப்பைத் தரக்கூடும் என்பதால் மருத்துவர் முதலில் இரத்தப் பரிசோதனை எழுதினார்; அவை சரியாக இருந்த பிறகே வேலையைப் பற்றிக் கேட்டார். மருத்துவரிடம் நேரில் செல்லத் தயங்குவோர் டெலி-மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி சேவையை 14416 என்ற எண்ணில் தமிழிலேயே அழைக்கலாம்.

ஆடிட்டர் சாரிடம் சொன்னபோது, "வேலையெல்லாம் சரியாத்தானே போகுது?" என்றார். மஞ்சள் கட்டங்களைத் திறந்து காட்டினேன். இப்போது என் வியாபாரிகளில் சிலரை இன்னொருவர் பார்க்கிறார். மாலை ஏழு மணிக்குமேல் அலுவலக அழைப்புகள் எனக்கு வருவதில்லை. விடுப்பு மட்டும் எடுத்திருந்தால், திரும்பி வரும்போது அதே குவியல் மேசைமேல் காத்திருந்திருக்கும்.