சாம்பல் நிறம் மரத்துக்குள்ளிருந்து வரவேண்டும்

கடை வாசலில் ஒரு டீப்பாய். 'பழைய மர லுக்' என்று சீட்டு. மூலையில் பெயின்ட் உரிந்து, வெள்ளை வெளேரென்று பைன் பலகை தெரிந்தது.

சாம்பல் பெயின்ட் அடித்தால் இதுதான் கதி.

புது மரத்துக்குள்ளேயே பழைய சாம்பல் நிறம் ஏற்ற, வினிகரும் இரும்பு நாரும் போதும். அரை லிட்டர் வெள்ளை வினிகருக்கு மெல்லிய நார் ஓர் உருண்டை. முதலில் சோப்பு போட்டு அலசுங்கள், நாரில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பாத்திரம் தேய்க்கும் சுருள் கம்பி ஆகாது; அது துருப்பிடிக்காத ஸ்டீல். ஒன்றிரண்டு நாள் ஊறட்டும்.

மூடியை இறுக்காதீர்கள். இரும்பும் வினிகரும் சேரும்போது உண்டாகும் ஹைட்ரஜன் வாயு வெளியேற வேண்டும்.

ஊறிய வினிகரை வடிகட்டி மரத்தில் பூசினால், மரத்திலுள்ள டானினோடு (துவர்ப்புப் பொருள்) சேர்ந்துதான் கறுக்கும். கருவேலத்தில் தானாகவே ஏறும். பைனில் டானின் குறைவு. கெட்டியான தேயிலைச் சாயம் பூசிக் காயவிட்டு, அதன்மேல் இதைப் பூச வேண்டும். கடுக்காய்த் தண்ணீர் இன்னும் வலு. (கலம்காரித் துணியின் கறுப்பும் இதே கடுக்காய், இரும்புக் கூட்டணிதான்.)

பழைய வார்னிஷ் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அங்கே திட்டு விழும். அதனால் பூசும் முன் 120 எண் உப்புத்தாளால் தேயுங்கள், பிறகு 180. அதோடு நிறுத்துங்கள், ரொம்ப வழவழப்பானால் நிறம் பிடிக்காது.

பூசியதும் பெரிதாக ஒன்றும் தெரியாது. அரை மணி பொறுங்கள். அவசரப்பட்டு இரண்டாவது கை பூசினால் கரிக்கட்டைதான்.

காய்ந்தபின் எண்ணெய் வார்னிஷ் வேண்டாம், மஞ்சளடிக்கும். தண்ணீர் கலந்து வரும், பளபளப்பில்லாத (மேட்) பாலியூரித்தேன் பூச்சு நல்லது. அதுவும் நிறத்தை ஒரு படி கூட்டும் என்பதால், முதலில் துண்டுப் பலகையில் அடித்துப் பாருங்கள்.