மூன்று அங்குல மீனும் முடியப்போன அணையும்

அமெரிக்காவில் சுற்றுச்சூழல் சட்டத்தை எழுதுவது நாடாளுமன்றம். அது எதுவரை பாயும் என்று சொல்வது நீதிமன்றம். டென்னசி மாநிலத்து டெலிக்கோ அணை வழக்கைப் பாருங்கள்.

1973இல் லிட்டில் டென்னசி ஆற்றில் ஸ்நெயில் டார்ட்டர் என்ற மீனைக் கண்டுபிடித்தார்கள். நீளம் மூன்றே அங்குலம். அதே ஆண்டு கடைசியில் அழியும் உயிரினங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே ஆற்றில் கட்டிவந்த டெலிக்கோ அணையோ வழக்கு வருவதற்குள் பெருமளவு முடிந்துவிட்டது, கோடிக்கணக்கில் டாலரைக் கொட்டியாகிவிட்டது. அணை நீரைத் தேக்கினால் மீன் அழிந்துவிடும் என்று சட்ட மாணவர் ஒருவர் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றத்தில் அணைக்காக வாதாடிய அட்டர்னி ஜெனரல் கிரிஃபின் பெல், ஒரு சின்னக் குப்பியில் அந்த மீனைப் போட்டு நீதிபதிகளிடமே காட்டினார். இத்தனூண்டு மீனுக்காக அணையை நிறுத்துவதா என்று கேட்காமல் கேட்டார். பலிக்கவில்லை. 1978இல் 6-3 தீர்ப்பு: செலவு எவ்வளவானாலும் உயிரினம் அழியக் கூடாது என்கிறது சட்டம், அதை மாற்றி எழுதுவது எங்கள் வேலை இல்லை. (தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வாரன் பர்கர், அதிபர் நிக்சன் நியமித்த பழமைவாதி!)

சரி, மீன் ஜெயித்ததா? 1979இல் நாடாளுமன்றம் ஒரு நிதி மசோதாவுக்குள் டெலிக்கோவுக்கு மட்டும் விலக்கைச் செருகியது. நவம்பரில் அணையின் மதகுகளை மூடி நீரைத் தேக்கிவிட்டார்கள். வேறு ஆறுகளில் கொண்டுபோய் விட்டதாலும், வேறு சில இடங்களிலும் இருந்ததாலும் மீன் பிழைத்தது. 2022இல் பாதுகாப்புப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.