அமெரிக்கப் பென்னி அட்டை: 1914 முதல் 1945 வரை எவ்வளவு நிரம்பியிருக்கிறது

2025 நவம்பரில் பிலடெல்பியா நாணயச்சாலையில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னிகளை, அதாவது ஒரு சென்ட் காசுகளை, அடித்து முடித்தார்கள். லிங்கன் தலை போட்ட பழைய ஒரு சென்ட் காசுகளை நான் அதற்கு முன்பிருந்தே சேர்த்து வந்தேன், ஆனால் ஒழுங்கு ஏதும் கிடையாது, கிடைத்ததை டப்பாவில் போட்டு வைப்பேன். அந்தச் செய்திக்கு அப்புறம்தான் நீல நிற விட்மேன் அட்டை வாங்கி ஆண்டுவாரியாக அடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு காசுக்கும் ஒரு குழி, குழிக்குக் கீழே அந்த ஆண்டு எத்தனை காசு அடித்தார்கள் என்ற எண். அந்த எண்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. முதல் உலகப் போர், இருபதுகளின் செழிப்பு, பெருமந்தம், இரண்டாம் உலகப் போர் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் படித்ததெல்லாம் அங்கே ஏறி இறங்கிக் கிடக்கிறது.

பின்பக்கம் இரண்டு கோதுமைக் கதிர் இருப்பதால் 1909 முதல் 1958 வரையிலான காசுகளை இங்கே வீட் பென்னி என்பார்கள். வங்கியில் வாங்கும் உருளைகளில் இப்போது அபூர்வமாகத்தான் சிக்கும். நான் நாணய வியாபாரிகளிடம் எடைக்கு வாங்குகிறேன். ஒரு காசு 3.11 கிராம், அதனால் ஒரு பவுண்டுக்குச் சுமார் 145 காசு வரும். அதில் பெரும்பாலானவை 1940, 50களைச் சேர்ந்தவை. முப்பதுகளின் தொடக்கம் வேண்டுமென்றால் தனியாகத்தான் தேட வேண்டும், அதற்குக் காரணம் இருக்கிறது.

முதலில் போர்க்காலம். 1916இல் பிலடெல்பியா மட்டும் சுமார் 13 கோடி காசு அடித்தது. 1919இல் அதே நாணயச்சாலை 39 கோடி, டென்வர், சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலைகளையும் சேர்த்தால் 58.9 கோடி. மூன்றே ஆண்டில் இவ்வளவு சில்லறை எதற்கு? 1917 போர் வரிச் சட்டம் பொழுதுபோக்கு அனுமதிச் சீட்டுக்கு 10 சென்ட்டுக்கு 1 சென்ட் வீதம் வரி போட்டது, அந்த நவம்பரில் கடிதத்துக்கான தபால் தலை 2 சென்ட்டிலிருந்து 3 சென்ட் ஆனது. பிரான்சில் நடந்த போருக்கு அயோவாவில் படம் பார்க்கப் போனவரும் ஒவ்வொரு சென்ட்டாகக் கொடுத்தார். 1919 காசு எல்லாப் பையிலும் இருக்கும், விலையும் மலிவு. நான் நல்ல தெளிவாக இருப்பதாகப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டேன், லிங்கனின் தோள் விளிம்பில் வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் வி.டி.பி. எழுத்துகளைப் படிக்க முடிகிறது.

அந்த மூன்று எழுத்தையும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். 1909இல் காசு வெளிவந்தபோது அவை பின்பக்கம் பெரிதாக இருந்தன, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் எடுத்துவிட்டார்கள், 1918இல்தான் தோளில் சின்னதாகத் திரும்பி வந்தன. 1914 டென்வர் காசு மொத்தமே 11.9 லட்சம், நல்ல விலை போகும், அதனால் 1944 டென்வர் காசில் முதல் 4ஐச் செதுக்கி 1 ஆக்கி விற்கிறார்கள். பூதக்கண்ணாடியில் தோளைப் பாருங்கள். எழுத்து இருந்தால் அது 1914 காசே இல்லை. 9க்கும் 1க்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். ஒரு கண்காட்சியில் எனக்குக் காட்டப்பட்ட காசில் இந்த இரண்டுமே இருந்தன, வாங்காமல் வந்துவிட்டேன். அந்தக் குழி இன்னும் காலிதான்.

அடுத்து 1921, 1922. 1920இல் 40 கோடி, 1921இல் 5.4 கோடி, 1922இல் வெறும் 71.6 லட்சம், அதுவும் டென்வரில் மட்டும். 1920-21இல் விலைகள் சரிந்து கடுமையான ஒரு மந்தம் வந்தது உண்மை. ஆனால் 1922ஐ முழுக்க அந்தக் கணக்கில் எழுதுவது சரியில்லை என்பது என் கருத்து. நாணயச்சாலைகள் அப்போது வெள்ளி டாலர் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தன, அந்த ஆண்டில் மட்டும் 8 கோடிக்கு மேல். இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு ரூபாய் அடிக்க வெள்ளி போதவில்லை, 1917இல் ஒரு ரூபாய்க்குக் காகித நோட்டே விட வேண்டியதாயிற்று. 1918இல் அமெரிக்கக் காங்கிரஸ் பிட்மேன் சட்டம் கொண்டுவந்து 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது, அதில் 25.9 கோடி டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்குப் போனது. உருக்கியதற்கு ஈடாகப் புதிய டாலர் அடித்தாக வேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருந்தது, 1921இல் அந்த வேலை தொடங்கியது. மற்ற நாணயச்சாலைகள் வெள்ளி டாலரில் இறங்கிவிட்டதால் சென்ட் வேலை டென்வர் தலையில் விழுந்தது. அங்கே தேய்ந்த அச்சையே வைத்து ஓட்டியதில் சில காசுகளில் டென்வரைக் குறிக்கும் டி எழுத்து மங்கியும் சிலவற்றில் அடியோடு காணாமலும் போயிருக்கிறது. என்னிடம் இருப்பது மங்கல் ரகம், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் டி தெரியும்.

இருபதுகளின் நடுப்பகுதி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஃபோர்டு மாடல் டி கார் 1925இல் 260 டாலருக்கே வந்தது, தவணையில் எல்லாம் வாங்கினார்கள், பென்னியும் தாராளமாக அடித்தார்கள், குழிகள் சுலபமாக நிரம்பின. 1929இல் மொத்தம் 27.7 கோடி.

அப்புறம் இந்த வரிசையைப் பாருங்கள்: 1930இல் 22 கோடி, 1931இல் 2.47 கோடி, 1932இல் 1.96 கோடி, 1933இல் 2.06 கோடி. 1930 கணக்கெடுப்பில் அமெரிக்க மக்கள்தொகை 12.28 கோடி, அப்படியானால் 1932இல் ஆறு பேருக்கு ஒரு புதிய காசு. 1932, 1933 இரண்டு ஆண்டும் 5 சென்ட், 10 சென்ட் காசுகளை அடிக்கவே இல்லை. பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 1929 செப்டம்பர் 3 அன்று 381இல் இருந்து 1932 ஜூலை 8 அன்று 41க்கு விழுந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. அது பங்கு வைத்திருந்தவர்களின் கதை. பென்னி சொல்வது கடைத்தெருவின் கதை. நாணயச்சாலை தானாகக் காசு அடித்து மக்களிடம் தள்ளுவதில்லை. கடைக்காரர் வங்கியில் கேட்பார், வங்கி நாட்டின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வில் கேட்கும், அங்கிருந்து கேட்டு வந்தால்தான் அச்சு ஓடும். வியாபாரம் படுத்ததும் சில்லறை வங்கிக்கே திரும்பி வந்து குவிந்தது, வீட்டில் சேர்த்து வைத்த உண்டியல் காசும் செலவுக்கு வெளியே வந்தது, புதுக்காசு கேட்க ஆளில்லை. 1932இல் பெட்ரோலுக்குக் காலனுக்கு 1 சென்ட் வரி வந்தும், கடிதத் தபால் மறுபடி 3 சென்ட் ஆகியும் எண்ணிக்கை ஏறவில்லை, ஏற்கெனவே இருந்த காசே போதுமாக இருந்தது. கடைக்காரர் சில்லறை கேட்காமல் போன நாள்கள் அவை என்று நினைத்துப் பார்த்தால் 25 சதவீத வேலையின்மை என்ற எண்ணை விட இதுதான் எனக்கு மனதில் தைக்கிறது.

இதில் 1931 சான் பிரான்சிஸ்கோ காசு மட்டும் வேறு மாதிரி. மொத்தம் 8.66 லட்சம்தான், ஆனால் 1914 டென்வரைப் போலத் தேய்ந்து கிடைப்பதில்லை, பெரும்பாலும் பளிச்சென்று இருக்கிறது. குறைவாக அடித்த விஷயம் தெரிந்து அப்போதே வாங்கிப் பதுக்கி வைத்திருக்கிறார்கள். காசு சேர்ப்பதே அந்தக் காலத்தில்தான் பரவலான பொழுதுபோக்கானது. 1934 வாக்கில் விஸ்கான்சினில் ஜே. கே. போஸ்ட் என்பவர் குழி வைத்த பென்னிப் பலகையை உருவாக்கினார், பிறகு ரேசின் ஊர் விட்மேன் நிறுவனம் அதை எடுத்துச் செய்தது. கையில் வரும் சில்லறையைக் கிளறி நிரப்பலாம், அவசரம் வந்தால் குழியிலிருந்து எடுத்து ரொட்டி வாங்கலாம், ஒரு சென்ட்டும் நஷ்டமில்லை. நான் நிரப்புகிற அட்டை அந்தப் பலகையின் வாரிசு. சான் பிரான்சிஸ்கோவின் எஸ் எழுத்து போட்ட அந்த 1931 காசைச் சான்றிதழோடு வாங்கினேன், இந்த அட்டையில் அதிகம் செலவழித்தது இதற்குத்தான்.

1934இல் ஒரே தாவலில் 24.7 கோடி. அதற்கப்புறம் போர் வரைக்கும் குழிகளை நிரப்புவது சிரமமே இல்லை.

1943ஐக் கையில் எடுத்தால் மற்றவற்றை விட இலேசாக இருக்கும், 2.70 கிராம்தான். தோட்டா உறைக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஓர் ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். பூச்சு போட்ட தகட்டிலிருந்துதான் வட்டம் வட்டமாக வெட்டினார்கள், அதனால் வெட்டிய ஓரத்தில் பூச்சு கிடையாது, துரு அங்கிருந்துதான் பிடிக்கிறது. என்னிடம் இருக்கும் காசுகளை அடுக்கி ஓரத்தை மட்டும் பார்த்தால் முகப்பு வெள்ளையாக இருக்கும் காசிலும் விளிம்பில் பழுப்புக் கோடு ஓடுகிறது. தவறுதலாகச் செம்பில் அடிபட்ட 1943 காசுகள் மிகச் சிலவே உள்ளன, போலிகள் ஏராளம். எஃகுக்குச் செம்பு முலாம் பூசியது என்றால் காந்தம் காட்டிக் கொடுத்துவிடும். 1948இன் 8ஐ வெட்டியது என்றால் காந்தம் உதவாது, அசல் 3இன் வால் நீண்டு கீழே இறங்கியிருக்கும், அதைப் பார்க்க வேண்டும்.

1944இல் செம்பு திரும்பியது, வெடித்த காலி உறைகளையும் உருக்கிச் சேர்த்தார்கள், எண்ணிக்கை 214 கோடிக்கு மேல். அவற்றில் சில சற்று மஞ்சளடிப்பது போலத் தெரிகிறது. செம்பைக் கண்டதும் புளி போட்டுத் தேய்க்கத் தோன்றும், தயவுசெய்து தேய்க்காதீர்கள். பசை ஒட்டியிருந்தால் தூய அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தால் போதும், எழுபது எண்பது ஆண்டு ஏறிய பழுப்பு அப்படியே இருக்கட்டும்.

பாக்கி 1914 டென்வர், ஓரளவு நல்ல 1933 டென்வர். அதோடு போர்க்கால 5 சென்ட் காசுகளையும் தொடங்கியிருக்கிறேன். நிக்கலைப் போருக்கு எடுத்துக்கொண்டதால் 1942 முதல் 1945 வரை அவற்றில் 35 சதவீதம் வெள்ளி கலந்தார்கள், அடையாளத்துக்கு மான்டிசெல்லோ மாளிகைக் குவிமாடத்தின் மேல் பெரிய எழுத்து போட்டார்கள், பிலடெல்பியா முதன்முதலில் தன் பி எழுத்தைப் பொறித்தது இதில்தான். இந்த 5 சென்ட் வரிசையில் 1942 எஸ் யாரிடமாவது கூடுதலாக இருந்தால் மாற்றிக்கொள்ள என்னிடம் 1943 எஃகுப் பென்னிகள் இருக்கின்றன, மூன்று நாணயச்சாலைகளிலும் அடித்தவை.