முத்திரை இல்லாத பிஞ்ஞாணத்துக்கு ஊர் தேடிய கதை

பாட்டி இறந்து ஒரு வருடம் கழித்து, குளச்சல் வீட்டின் மச்சை ஒதுக்கியபோதுதான் அந்தப் பிஞ்ஞாணம் என் கைக்கு வந்தது. பீங்கான் பாத்திரத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பழைய வேட்டியில் சுற்றி, உமி நிரப்பிய பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். குறுக்களவு 28 சென்டிமீட்டர். உள்ளே ஓரத்தில் இரண்டு நீலக் கோடுகள், நடுவில் ஊதாப் பூக்கள், அவற்றைச் சுற்றிப் பச்சை இலைகள். கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் பெயர், எண், எழுத்து எதுவுமே இல்லை.

"அது டச்சுக்காரன் கப்பல்ல வந்தது மக்களே" என்றார் பெரியப்பா. 1741இல் மார்த்தாண்ட வர்மா குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்ததும், பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, ஆனதும், அவர் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருப்பதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரிந்துவிடும். அதனால் ஊரில் எந்தப் பழைய சாமான் கிடைத்தாலும் அந்தப் போர்க் கணக்கில்தான் சேர்ப்பார்கள். பழம்பொருள் வாங்குகிற ஒருவர் வந்து, கவிழ்த்துக்கூடப் பார்க்காமல், "சீனாச் சாமான், முந்நூறு வருஷம் இருக்கும்" என்று சொல்லி விலையும் பேசினார். நான் கொடுக்கவில்லை. பாட்டி அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த பொருள் எங்கே பிறந்தது என்று தெரியாமல் அதை அனுப்ப மனம் வரவில்லை.

சீனாவா என்பதைத்தான் முதலில் பார்த்தேன். பத்மநாபபுரம் அரண்மனையில் பெரிய சீனச் சாடிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பளபளவென்று எதைக் கண்டாலும் சீனா என்றுதான் வாயில் வரும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பாத்திரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தேன். மெல்லிய போர்சலினாக இருந்தால் வெளிச்சம் மங்கலாகவாவது ஊடுருவும். துளிகூடத் தெரியவில்லை. நகத்தால் சுண்டினால் கிண் என்று வரவில்லை, மரத்தைத் தட்டியது போல மந்தமான சத்தம். விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு சிதைவு இருந்தது. அந்த இடத்தில் உள்மண் வெளுத்த மஞ்சளாக, சுண்ணாம்புக் கட்டி போல இருந்தது. நாக்கு நுனியை வைத்தேன், ஒட்டிப் பிடித்தது. அதாவது மண்ணில் இன்னும் நுண்துளைகள் இருக்கின்றன, ஈரத்தை உறிஞ்சுகிறது. மிக அதிகச் சூட்டில் சுட்டு இறுகிய போர்சலின் இப்படிப் பிடிக்காது. ஆக, இது எர்த்தன்வேர், அதாவது அதைவிடக் குறைந்த சூட்டில் சுட்ட, நுண்துளை உள்ள மண்பாண்ட வகை.

அடுத்து அடிப்பாகம். வளையத்தின் மேல் மூன்று சின்னப் புள்ளிகள், முக்கோணமாக. ஏதோ குறைபாடு என்று நினைத்திருந்தேன். நாகர்கோவில் பக்கம் பானை வனைகிற ஒரு மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பூவைப் பார்க்கவே இல்லை. நேரே கவிழ்த்தார், பெருவிரலால் வளையத்தை ஒரு சுற்றுத் தடவினார். "இது முட்டுக் குடுத்த தழும்பு" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். பளபளப்புப் பூச்சு சூளையில் கண்ணாடியாக உருகும். அடிவளையத்திலும் பூச்சு இருந்தால் பாத்திரம் கீழே உள்ள பலகையோடு ஒட்டிப்போகும். சீனப் பாத்திரங்களில் பெரும்பாலும் நிற்கிற விளிம்பைப் பூச்சில்லாமல் விட்டுவிடுவார்கள். இதைச் செய்தவர்கள் அடியையும் முழுக்கப் பூசிவிட்டு, மூன்று முனை உள்ள சின்ன முட்டின் மேல் வைத்துச் சுட்டிருக்கிறார்கள். ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் பரவலாக இருந்த முறை அது. தானே பூச்சு வேலை செய்யாத மனிதர், தழும்பைத் தொட்டுப் பார்த்தே சூளைக்குள் பாத்திரம் எப்படி உட்கார்ந்திருந்தது என்று சொன்னார்! அன்று கிடைத்த தெளிவு வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு பூ. தக்கலையில் வாட்ச் பழுது பார்க்கிறவரிடம் கண்ணில் மாட்டும் லென்ஸை இரவல் வாங்கினேன். தாளில் அச்சிட்டுப் பாத்திரத்தில் ஒட்டி எடுக்கும் முறையாக இருந்தால் நுணுக்கமான கோடுகளோ புள்ளிகளோ தெரியும், தாளின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் படம் பிசகியிருக்கும். தூரிகையால் வரைந்ததாக இருந்தால் ஒரு பூ போல இன்னொரு பூ இருக்காது. இதில் இரண்டுமே இல்லை. ஐந்து பூவிலும் இடப்பக்க இதழில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஒரு வெட்டு. நிறம் மட்டும் ஒன்றில் திட்டாக, இன்னொன்றில் மங்கலாக, நடுநடுவே ஊசிமுனை அளவு வெள்ளை ஓட்டைகளுடன் இருந்தது. கடற்பஞ்சைப் பூ வடிவத்தில் வெட்டி, சாயத்தில் தோய்த்து ஒற்றியது. பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கை வெட்டி அச்சுப் போடுவோமே, அதே வேலை. நீலக் கோடு மட்டும் தூரிகை. பாத்திரத்தைச் சுழலவிட்டுத் தொட்டிருக்கிறார்கள், தொடங்கிய இடத்திலேயே வந்து முடிந்ததால் அங்கே கோடு தடித்திருந்தது. அந்தத் தடிப்பைப் பார்த்தபோது ஒரு கையையே பார்த்தது போல இருந்தது எனக்கு.

பஞ்சை வெட்டி ஒற்றும் இந்த வேலை 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் பெரிதாக நடந்தது, நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரிலும் நடந்தது. மாஸ்ட்ரிக்டில் பெட்ரஸ் ரெகூ என்பவர் பீங்கான் உற்பத்தியைத் தொடங்கியது 1836இல். கிளாஸ்கோவின் பெல் நிறுவனமும் மாஸ்ட்ரிக்ட் தொழிற்சாலைகளும் ஜாவா, மலேயா, பர்மாப் பக்கம் ஏராளமாக ஏற்றுமதி செய்தன. ஆக, 1741 கப்பல் கதைக்கு இதில் இடமில்லை.

இடையில் ஒரு தவறும் செய்தேன். அமெரிக்கா 1891 முதல் இறக்குமதிச் சாமானில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. எங்கள் பிஞ்ஞாணத்தில் பெயரே இல்லை, அப்படியானால் 1891க்கு முந்தையது என்று டைரியில் எழுதிவிட்டேன். அது சரியல்ல. கிழக்கு நாடுகளுக்குப் போன சரக்குக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஒரே தொழிற்சாலையில் ஒரே காலத்தில் செய்தவற்றிலும் சிலவற்றில் முத்திரை இருக்கும், சிலவற்றில் இருக்காது. நாட்டின் பெயர் இருந்தால் அதை வைத்துக் காலம் சொல்லலாம். இல்லை என்பதை வைத்துச் சொல்லக் கூடாது.

கடைசி உதவி தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு நண்பன் வீட்டில் கிடைத்தது. நான் கொண்டுபோனதைப் பார்த்ததும் அவன் உம்மா உள்ளே போய் இரண்டு பிஞ்ஞாணங்களை எடுத்து வந்தார். ஒன்றில் அடியில் ஸ்பிங்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும்) உருவமும் ரெகூவின் பெயரும் கறுப்பாகத் தெரிந்தன. பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே மஞ்சள் கலந்த மண், அதே உயரத்தில் அடிவளையம், அதே மூன்று தழும்பு. பூவும் அதே ஊதாதான், இலை மட்டும் கொஞ்சம் வேறு. தொழிற்சாலைகள் ஒன்றின் பூவை இன்னொன்று பார்த்துப் போட்ட காலம் என்பதால் பூவை மட்டும் நம்பியிருக்க மாட்டேன். மண்ணும் அடியும் ஒத்துப்போனதால்தான் மாஸ்ட்ரிக்ட் என்று சொல்லத் துணிந்தேன்.

"இதக் கழுவ பிளீச்சிங் பவுடர் போட்டிராத மக்கா" என்று அந்த உம்மா சொல்லி அனுப்பினார். அவர் வீட்டில் அப்படி ஊறவைத்த ஒன்றின் பூச்சு உரிந்துபோனதாம். மயிரிழை வெடிப்புகளுக்குள் இறங்கிய பழுப்புக் கறையை அதனால் அப்படியே விட்டுவிட்டேன். அந்தக் காலத்துப் பூச்சுகளில் ஈயம் சகஜம், அதனால் புளிக்கறியோ ஊறுகாயோ இதில் வைப்பதில்லை.

சித்தியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அது ரங்கூன் பெட்டியில வந்ததுல்லா" என்றாள் சாதாரணமாக. பாட்டியின் அப்பா ரங்கூனில் அரிசி மில்லில் கணக்கு எழுதியவர், 1930களில் ட்ரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பியவர். இத்தனை நாள் யாரும் அவளிடம் கேட்கவே இல்லை.

பெரியப்பாவுக்கும் சொன்னேன். நெதர்லாந்து என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்போ டச்சுக்காரன் சாமான்தானே" என்றார். ஆமாம் பெரியப்பா என்றேன். குறுக்களவு, தழும்பு, ரங்கூன் பெட்டி, சித்தி சொன்ன நாள், எல்லாவற்றையும் ஒரு தாளில் பென்சிலால் எழுதி, மடித்து, பிஞ்ஞாணத்துக்குள் வைத்திருக்கிறேன்.