உஷுவாயாவில் பீவர்: டாக்சிக் கட்டணமும் பட்டுப்போன காடும்

அர்ஜென்டினாவின் தென்கோடியில், தியரா தெல் ஃபுவேகோ தீவிலுள்ள உஷுவாயாவில், மரங்களைப் பல்லால் வெட்டி அணை கட்டும் கொறிவிலங்கான பீவரைப் பார்க்க விரும்புபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தேசியப் பூங்காவுக்குச் செல்லும் வேன்களின் நேரத்துக்கும் அந்த விலங்கின் நேரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதே. பீவர் பெரும்பாலும் பொழுது சாயும் வேளையில்தான் வெளியே வரும். டிசம்பரில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணியாகிவிடும். கடைசி வேனோ மாலையிலேயே கிளம்பிவிட்டது. நுழைவுக் கட்டணத்திலேயே பாதிப் பணம் கரைந்திருந்த எங்களிடம், திரும்பி வர அழைத்த டாக்சிக்காரர் வேன் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்டார். இருட்டப்போகும் காட்டில் பேரம் எடுபடாது என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஆனாலும் கொடுத்த காசு வீணில்லை. தொடைப் பருமனுள்ள, அந்தப் பகுதிக்கே உரிய லெங்கா மரம் ஒன்று சீவிய பென்சில் முனையாகக் கரையில் நின்றது. வெட்டுவாய் முழுக்க வரிவரியாகப் பல் தடங்கள், காலடியில் ஈரம் உலராத சிராய்கள். சற்று நேரத்தில் கரும்பழுப்புத் தலையொன்று நீரைக் கிழித்து வந்து, எங்கள் அசைவைக் கண்டதும் தட்டை வாலால் தண்ணீரை ஓங்கி அறைந்து மூழ்கியது. அணையால் தேங்கிய அந்தக் குளத்தில் மரங்களெல்லாம் நின்றபடியே பட்டுப்போயிருந்தன.

ஐரோப்பியரின் தொப்பி மோகத்துக்காகக் கனடாவில் கொன்று குவிக்கப்பட்ட விலங்கு இது. 1670இல் தொடங்கிய ஹட்சன் பே நிறுவனம் இதன் தோலை நம்பியே வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பட்டுத் தொப்பி வந்ததும் அந்த மோகம் தணிந்துவிட்டது. அதன் பிறகும் ரோமத் தொழிலை வளர்க்கலாம் என்று நம்பி, 1946இல் அர்ஜென்டினா 20 கனடா பீவர்களை இந்தத் தீவில் கொண்டுவந்து விட்டது. தொழில் வளரவில்லை, பீவர் பெருகியது. வேட்டையாடக் கரடியோ ஓநாயோ இங்கு இல்லை. கனடாவின் வில்லோ மரத்தைப் போல வெட்டிய அடியிலிருந்து மீண்டும் துளிர்க்க லெங்காவாலும் முடியவில்லை. பீவரை அடியோடு ஒழிப்பதென 2008இல் அர்ஜென்டினாவும் சிலியும் உடன்பாடு செய்துகொண்டன.

1947இல் மூடப்பட்ட உஷுவாயா சிறையின் கைதிகள் வெட்டிய அடிக்கட்டைகளைச் சுற்றுலா ரயிலிலிருந்து சரித்திரமாகக் காட்டும் ஊர், பீவர் வெட்டிய கட்டையை மட்டும் நாசம் என்கிறது. எனக்கு இது எரிச்சலாகவே இருந்தது. பீவர் செய்யும் சேதம் உண்மைதான், ஆனால் அது தானாக நீந்தி வரவில்லையே.

நீங்கள் சென்றால் நான்கைந்து பேராகச் சேர்ந்து, போக வர டாக்சிக் கட்டணத்தை ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள். மிச்சமாகும் பணத்தில் ராஜநண்டு சாப்பிடலாம்.