சென்னிமலை, இடது முட்டி

ஆகஸ்ட் 23, சனி
ராத்திரி 12 மணிக்கு ஆரம்பிச்சுது. பொண்ணுங்க ரக்பி வேர்ல்ட் கப். சண்டர்லேண்ட்ல இங்கிலாந்து அமெரிக்காவ 69-7ன்னு அடிச்சுட்டாங்க. பாக்க வந்தவங்க 42,723 பேர். அத்தன பேரும் பொண்ணுங்க ஆடறத பாக்க வந்திருக்காங்க. பக்கத்து குடோன்ல தறி ஓடுற சத்தத்துல கமெண்ட்ரி ஒண்ணும் கேக்கல, ஆனா முழுசா பாத்தேன்.

ஆகஸ்ட் 24
கனடா 65, ஃபிஜி 7. கனடாவோட சோஃபி டி கூடே ஓடறாங்க. நல்லாவே ஓடறாங்க.

ஆகஸ்ட் 26
நானும் ரக்பி ஆடறவதான், இடது முட்டியில ஆபரேசன் ஆயிருக்கு. அம்மாவோட தையல் டேப் எடுத்து தொடைய அளந்தேன். வலது 20, இடது 18. ரெண்டு இஞ்ச் எங்க போச்சு.

ஆகஸ்ட் 31
கனடா வேல்ஸ 42-0. நேத்து ராத்திரி தூக்கமே இல்ல, சோஃபி டி கூடே பத்தியே படிச்சுட்டு கெடந்தேன். 2024ல பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு கொஞ்சம் முன்னாடி அவங்களுக்கு முட்டிக்குள்ள இருக்கற ஏசிஎல் நார் அறுந்துபோச்சு, டீம் அவங்க இல்லாமயே போயி செவன்ஸ்ல, ஏழு பேர் ஆடற ரக்பியில, வெள்ளி வாங்கிட்டு வந்துச்சு, அந்த ஃபைனல அவங்க எங்க உக்காந்து பாத்திருப்பாங்க, சந்தோசமா இருந்திருக்குமா, அழுதிருப்பாங்களா, ரெண்டும் சேந்து வந்திருக்கும்னுதான் எனக்கு தோணுது. திரும்பி வர ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ஃபார்வர்ட்ல நிக்கற ஆளு, லைன்அவுட்ல எகிறி பந்து புடிக்கிற ஆளு, கோல் கிக்கும் அவங்களேதான். அப்படி ஒருத்தர நான் வேற எங்கயும் பாத்ததில்ல. அவங்க அம்மாவும் கனடா கேப்டன், அப்பாவும் கனடா கேப்டன். எங்கூட்டுல, பந்த ஏஞ்சாமி முன்னால தூக்கிப் போடக்கூடாதுன்னு அம்மா இன்னைக்கும் கேட்டாங்க. பின்னாலதான் பாஸ் பண்ணோணும்மா, முன்னால போகோணும்னா ஓடித்தான் போகோணும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ரோசன பண்ணிட்டு, அது நல்ல ஆட்டம்னாங்க.

செப்டம்பர் 4
முட்டிய மடக்குனா 128 டிகிரி. போன வாரம் 121.

செப்டம்பர் 9
இன்னைக்கு பூரா வெசனம். மொதல்ல பாத்த டாக்டர் சுளுக்குன்னு சொல்லி ஊசி போட்டு அனுப்பாம, அன்னைக்கே ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தா நான் மறுபடி கிரவுண்டுல எறங்கியிருக்கவே மாட்டேன், ரெண்டாந்தடவ முட்டி கழண்டிருக்காது, முட்டிக்குள்ள மெத்த மாதிரி இருக்கற மெனிஸ்கஸும் சேந்து கிழிஞ்சிருக்காது. அந்த ஆறு வாரத்த யார் திருப்பிக் குடுப்பாங்க. அப்பாகிட்ட சொல்லி அழுதேன். அவரு ஒண்ணும் பேசல. பொழுதோட தறிக்கிட்ட கூட்டிட்டுப் போயி, அறுந்த பாவு நூல புணைச்சுக் காட்டுனாரு. ரெண்டு நுனியையும் விரல்ல சாம்பல் தொட்டு முறுக்கி ஒரே இழுப்பு. "உம்பட தொடையில இருந்து நரம்ப எடுத்து இப்புடித்தான கண்ணு புணைச்சிருக்காங்க, புணைச்ச எடம் மொதல்ல தறியில தட்டும், போகப்போக துணியில எங்கன்னே தெரியாது"ன்னாரு.

செப்டம்பர் 14
கனடா ஆஸ்திரேலியாவ 46-5. செமி வந்தாச்சு.
எங்க டீம் லிஸ்ட் குரூப்ல வந்துச்சு. எம்பேரு இருக்காதுன்னு தெரியும். தெரிஞ்சும் மேலருந்து கீழ வரைக்கும் மூணு தடவ படிச்சேன்.

செப்டம்பர் 18
பொரட்டாசி பொறந்துருச்சு, ஊட்டுல கவுச்சி இல்ல. பிசியோ தினமும் நாலு முட்டை சொல்லியிருக்காங்க. கொள்ளு, பச்சப்பயிறு, நெலக்கடலன்னு சமாளிச்சுக்கறேன்னு நானே சொன்னேன். காத்தால எந்திரிச்சு பாத்தா அம்மா வாசலுக்கு அக்கட்ட மூணு செங்கல் வெச்சு, தனி போசியில முட்டை வேக வெச்சுட்டு இருக்காங்க. பெருமாள் கோவிச்சுக்க மாட்டாருன்னு ஒரே வார்த்த. வேப்பமரத்தடியில உக்காந்து நாலையும் தின்னேன்.

இடது 18 முக்கால்.

செப்டம்பர் 20
ஜெயிச்சுட்டாங்க!!! நியூசிலாந்த! 34-19! ஆறு தடவ கப் வாங்குன டீம்! சோஃபி கோட்டுக்கு அக்கட்ட பந்த வெச்சு ட்ரையும் போட்டாங்க கிக்கும் அடிச்சாங்க. வேர்ல்ட் கப்புக்கு தயாராகறதுக்கே காசு பத்தாம பத்து லட்சம் டாலர் சனங்ககிட்ட கேட்டு திரட்டுன டீம் இது. எங்க டீமு பொண்ணுங்க ரிசர்வேசன் இல்லாத பெட்டியில கக்கூஸ் பக்கத்துல உக்காந்து டோர்னமெண்டுக்கு போனதெல்லாம் ஞாபகம் வந்து ராத்திரி ஒன்றரைக்கு போர்வைக்குள்ள தலைய வுட்டு அழுதேன். காசில்லாதவங்களும் ஃபைனலுக்கு போலாம்.

செப்டம்பர் 25
மலைப்படி 1320. இன்னைக்கு பிசியோ ஒத்துக்கிட்ட அளவு 100. ஏர்றது பரவால்ல, எறங்கறப்பதான் முட்டி நடுங்குது. அம்மா எனக்கு ஒரு படி கீழயே திரும்பி நின்னு எறங்குனாங்க. நான் வுழுந்தா புடிக்கவாம்.

செப்டம்பர் 27
எட்டரைக்கு ஃபைனல். அதுக்குள்ள கரூர் கூட்ட நெரிசல் நியூஸ். அங்க ஒறம்பரைக்காரங்க இருக்காங்க, போன் எடுக்கல. அப்பா டிவிய வுட்டு நகரல. கொழந்தைங்க கூடவாம். போன்ல மேட்ச் சத்தமில்லாம ஓடிட்டு கெடந்துச்சு, நான் பாக்கல.

செப்டம்பர் 28
ஒறம்பரைக்காரங்க பத்திரம். ஊரே பேசாம இருக்கு.

செப்டம்பர் 29
இன்னைக்குத்தான் பாத்தேன். இங்கிலாந்து 33, கனடா 13. ட்விக்கன்ஹாம்ல 81,885 பேர். கனடாதான் மொதல்ல ட்ரை போட்டுச்சு, அப்பறம் இங்கிலாந்தோட எல்லி கில்டன் தனியாளா பூந்து ஓடுன ஓட்டம் இருக்கே, அதுல ஆட்டம் மாறிருச்சு. சோஃபிக்கு உலகத்துலயே சிறந்த ஆட்டக்காரின்னு பட்டம் குடுத்திருக்காங்க. போட்டோவுல அவங்க மொகத்த பாக்கல நான், முட்டியத்தான் பாத்தேன்.

அக்டோபர் 1
ஆயுத பூசை. தறி நின்னுருச்சு, ஊருல சத்தமே இல்ல, காது அடைச்ச மாதிரி இருக்கு. தறிக்கெல்லாம் சந்தனம் வெச்சு முடிச்சுட்டு அப்பா, "அந்தப் பந்த எடுத்துட்டு வா கண்ணு"ன்னாரு. ஷூவையும் கேட்டாரு. ஷூவுல போன சீசன் சேறு அப்படியே காஞ்சு கெடந்துச்சு, ஊக்கு வெச்சு ஒவ்வொரு ஸ்டடா நோண்டி எடுத்தேன்.

அக்டோபர் 3
இடது தொட 19 கால். நாளைக்கு ஒரு நிமிசம் ஓடிப் பாக்கலாம்னு பிசியோ சொல்லிட்டாங்க, ஒரே ஒரு நிமிசம், மண் தரையில. அஞ்சு மணிக்கு அலாரம் வெச்சிருக்கேன்